தீர்ப்பு வெறும் காகிதம் என்பவர்களுக்கு

செபராங் ஜெயாவில் ஒருவருக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது, கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார் என்றால், பதில் தயாராகக் காத்திருக்கும்: "ஜெயிச்சு என்ன பண்ணப் போறீங்க? தீர்ப்பு வெறும் காகிதம். காசு வராது." ஜாலான் தோடாக் கடைவரிசையில் வியாபாரம் செய்பவர் இதைச் சொல்கிறார். பிறை தொழிற்பேட்டையில் சப்-கான்ட்ராக்ட் எடுப்பவர் சொல்கிறார். கோர்ட் வாசலையே மிதித்திராதவர் இன்னும் உறுதியாகச் சொல்கிறார். இது தவறு என்பது என் கட்சி. கொடுக்க வேண்டியவனுக்காக ஊரே சம்பளம் வாங்காமல் செய்யும் வக்காலத்து என்றும் சொல்வேன்.

எதிர்க்கட்சியை முதலில் அதன் முழு பலத்தோடு நிறுத்திவிடுகிறேன். நீதிபதி பணத்தை வசூலித்துக் கொடுப்பதில்லை. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்வதோடு அவர் வேலை முடிகிறது. வசூலுக்குத் தனி மனு, தனிக் கட்டணம், வழக்கறிஞருக்கு மறுபடியும் பணம். அதற்குள் கடனாளி காரை மனைவி பெயருக்கு மாற்றியிருப்பார். ஒரு கம்பெனியை மூடிவிட்டு அடுத்த தெருவில் இன்னொன்றைத் திறந்திருப்பார். இது பினாங்கில் பிறந்த புலம்பலும் இல்லை. இந்தியாவில் வழக்காடியின் கஷ்டமே டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. 2025-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்து, நாடெங்கும் தேங்கிக் கிடக்கும் நிறைவேற்று மனுக்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. கணக்கு எட்டு லட்சத்தைத் தாண்டியது. ஆக, எதிர்க்கட்சி பலவீனமானது என்று நான் பாவனை செய்யப்போவதில்லை. ஆனால் பலம் இருப்பதாலேயே ஒரு கருத்து சரியாகிவிடாது.

1. எந்தத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள்?

காகிதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் எல்லாக் காகிதத்தையும் ஒரே கட்டில் போடுகிறார்கள். மலேசியாவில் ஒரு தீர்ப்புக்கு எவ்வளவு பல் இருக்கிறது என்பது அதை யார் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது.

சமையலறை ரெனவேஷனுக்கு முன்பணம் கொடுத்தீர்கள், ஆள் வரவில்லை. கல்யாணக் கேட்டரிங்குக்குப் பணம் கட்டினீர்கள், சாப்பாடு வரவில்லை. இவற்றுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கோரிக்கை மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான்: மன்றம் கொடுத்த உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதம் உண்டு, இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. பணம் தராத கடைக்காரர் அந்தப் பதினைந்தாம் நாள் முதல் உங்களுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல. அமலாக்க அதிகாரிக்கும் சொல்ல வேண்டும். இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "காசு வராது" என்று உட்கார்ந்திருப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உத்தரவை அவர் மதிக்கவில்லை என்று மன்றத்துக்கு எழுதிப் புகார் கொடுத்தீர்களா?

கட்டட வேலை எடுக்கும் நம் சப்-கான்ட்ராக்டர்கள் விஷயம் இதைவிடச் சோகம். அவர்களுக்கென்றே 2012-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15-ல் நடைமுறைக்கு வந்தது. வழக்கறிஞர்கள் அதைச் சிப்பா என்று அழைக்கிறார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால், செய்த வேலைக்கு வராத பணத்தை ஒரு தீர்ப்பாளர் முன் வைத்து, வழக்கை விடப் பல மடங்கு விரைவாக முடிவு வாங்கலாம். அதன் பிறகும் மெயின் கான்ட்ராக்டர் கையை விரித்தால், அவருக்கு மேலே இருக்கும் உரிமையாளரிடமே நேரடியாகக் கேட்க அந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு வழி விடுகிறது. மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு இன்னும் பணம் தரவேண்டியிருந்தால் போதும். பத்து ஆண்டுக்கு மேலாக இருக்கும் சட்டம் இது. நம்மவர்களில் பலர் இன்னமும் வாட்சாப் குரல் பதிவை நம்பி வேலையைத் தொடங்கி, எழுத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். பிறகு குறை சட்டத்தின் மேல்.

2. காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கே போனீர்கள்?

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ வாங்கிய சாதாரணத் தீர்ப்புக்கு மேலே சொன்ன குற்றவியல் பல் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கென்று வேறு கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நீங்கள் கேட்டால்தான் அசையும். பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜத்திலோ ஒரு நீதிபதி, இன்றைக்கு யாருடைய தீர்ப்பெல்லாம் வசூலாகவில்லை என்று கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். சிவில் வழக்கின் இயல்பே அது. வசூலாகவில்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் வசூலுக்கு மனுப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

பறிமுதல் ரிட் வாங்கினால் பெய்லிஃப் கடனாளியின் வீட்டுக்கோ கடைக்கோ போய் சாமானைப் பட்டியல் போட்டு முத்திரை வைப்பார். பணம் வராவிட்டால் ஏலம். இதைப் பற்றி ஊரில் இருக்கும் கேலி எனக்குத் தெரியும்: பழைய சோபாவையும் டிவியையும் ஏலம் போட்டால் பெய்லிஃப் செலவுக்குக்கூடக் காணாது. உண்மை. வீட்டுக்குப் போனால் காணாதுதான். ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஒரு கடைக்கு, வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில், ஃப்ரீஸருக்கும் அடுப்புக்கும் முத்திரை வைக்கப் போகிறார்கள் என்றால் கணக்கு மாறுகிறது. அங்கே அந்த ஃப்ரீஸரின் ஏல விலை யாருக்கும் பொருட்டில்லை. நாளைக்குக் கடை திறக்க முடியுமா என்பதே பேச்சு. வாசலில் நிற்கும் கார் தவணையில் இருந்தால் அது வங்கியின் சொத்து, தொட முடியாது. ஆகவே எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கார்னிஷீ. நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் அதுவே. உங்களுக்குக் கடன்பட்டவருக்கு வேறொருவர் கடன்பட்டிருந்தால், அந்த வேறொருவரிடமிருந்து பணத்தை நேராக உங்களுக்குத் திருப்பிவிடும் ஆணை அது. வங்கி என்றதும் எல்லோருக்கும் புரிகிறது, ஏனென்றால் கணக்கில் இருக்கும் பணம் வங்கி வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய கடன். ஆனால் வங்கியோடு அது நிற்பதில்லை. உங்கள் கூலியைத் தராத கான்ட்ராக்டர் பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு ஏர்கான் வேலை செய்து பில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிற்சாலை அவருக்குத் தரவேண்டிய பணம் உங்கள் கைக்கு எட்டும் பணம். ஆணை தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்குப் போன அன்றே அந்தப் பணம் அசையாமல் நிற்கும். கான்ட்ராக்டருக்கு இதில் பணத்தை விடப் பெரிய வலி ஒன்று இருக்கிறது: அவருடைய பெரிய வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சப்-கான்ட்ராக்ட் சங்கிலி இவ்வளவு நீளமாக ஓடும் ஒரு வட்டாரத்தில் இந்தக் கருவி துருப்பிடித்துக் கிடப்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவருக்கு எந்த வங்கியில் கணக்கு என்று எப்படித் தெரியும் என்பார்கள். முன்பு காசோலை சொல்லும். இப்போது உங்கள் கைப்பேசியே சொல்கிறது: நீங்கள் முன்பணம் அனுப்பிய டூயிட்நாவ் ரசீதில் பெறுபவரின் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியிருந்தால் வங்கியும் எண்ணும்கூட இருக்கும். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தால் பணம் யார் பெயருக்குப் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. அதை அழித்துவிட்டு, ஆதாரம் இல்லை என்று வருத்தப்படுவதற்குக் கோர்ட் பொறுப்பாகாது.

சொத்து எங்கே என்று ஒன்றுமே தெரியாதவருக்கும் ஒரு வழி உண்டு. 1957-ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டத்தின்படி சம்மன் அனுப்பிக் கடனாளியைக் கோர்ட்டுக்கு வரவழைக்கலாம். வழக்கறிஞர் அலுவலகங்களில் ஜேடிஎஸ் என்பார்கள். வருமானம் எவ்வளவு, சொத்து என்ன, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று சத்தியம் வாங்கி விசாரித்துத் தவணை போடுகிறார்கள். தவணையை வேண்டுமென்றே தவறவிட்டால் சிறைவரை போகலாம்.

3. இல்லாதவனிடம் எந்தக் கோர்ட் வாங்கித் தரும்?

வசூலாகாத தீர்ப்புகளை எல்லாம் கோர்ட்டின் தோல்வியாக எண்ணுவதில் ஒரு மோசமான கணக்குப் பிழை இருக்கிறது. கொடுக்க மறுப்பவரும் கொடுக்க முடியாதவரும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேலை போய், உடம்பு முடியாமல், வாடகை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பணம் எடுக்கும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அது நல்ல சட்டம் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-ல் இதைத்தான் தெளிவாக்கினார்: நேர்மையான வறுமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது, பணம் இருந்தும் தர மறுக்கும் கெட்ட எண்ணம் வேண்டும். மலேசியாவிலும் இபிஎஃப் சேமிப்பைக் கடன் கொடுத்தவர் யாரும் தொட முடியாது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான், எனக்கே பணம் வரவேண்டியிருந்தாலும்.

அப்படியானால் இல்லாதவருக்குக் கொடுத்த பணம் எப்போது தொலைந்தது? யாருக்கு என்று பார்க்காமல் கொடுத்த அன்று. "எண்டர்பிரைஸ்" என்று பதிவு செய்த வியாபாரம் என்றால் அதன் கடன் உரிமையாளரின் சொந்தக் கடன். அவருடைய வங்கிக் கணக்கும் வீடும் பதில் சொல்ல வேண்டும். "செண்டிரியான் பெர்ஹாட்" என்றால் கடன் கம்பெனியுடையது; இயக்குநர் பென்ஸ் ஓட்டினாலும் அவர் உங்களுக்குத் தரவேண்டியது ஒன்றுமில்லை, தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தாலொழிய. இந்த ஒரு வித்தியாசத்தை ரசீதின் தலைப்பில் பார்த்துக்கொள்ளலாம், சில ரிங்கிட் கட்டி நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்-மில் சரிபார்த்தும் கொள்ளலாம்.

கோர்ட்டால் வசூலிக்கவே முடியாது என்று தமிழர்கள் சொல்வது எனக்கு இன்னொரு விதத்திலும் விநோதமாகப் படுகிறது. ஜார்ஜ்டவுனில் பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் உட்கார்ந்து கடன் கொடுத்த செட்டியார்கள் காகிதத்தை நம்பித்தான் தொழில் செய்தார்கள்: புரோநோட்டு, நிலப் பத்திரம், அடமானம். பர்மாவில் அந்தக் காகிதம் வசூலானதுதான் பிரச்சினையே ஆயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 விழுக்காடு நிலம் அவர்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, 1938-க்குள் அது சுமார் 25 விழுக்காடு ஆனது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நிலம் இழந்தவர்களின் கோபம் பின்னால் செட்டியார்கள் மேலேயே திரும்பியது. ஈட்டோடு கொடுத்த கடனைச் சட்டம் வசூலித்துவிடும், வேண்டியதற்கு மேலேயே வசூலிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

4. "எல்லாம் மனைவி பெயரில்"

எதிர்க்கட்சியின் ஆகச் சிறந்த வாதம் இது. இதை முழுக்க முறியடிக்க என்னால் முடியாது. கம்பெனியைக் கைவிட்டுவிட்டுப் புதுப்பெயரில் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு கம்பெனியை நடத்தியிருந்தால் இயக்குநரையே கடனுக்குப் பொறுப்பாக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 540-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் மோசடியை நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சின்னக் கடனைத் தின்றுவிடும்.

இங்கே என் கோபம் சட்டமியற்றியவர்கள் மேல் போகிறது. ஒருவரைத் திவாலாக்கக் குறைந்தபட்சக் கடன் 30,000 ரிங்கிட்டாக இருந்தது. 2017-ல் 50,000 ஆனது. கோவிட் காலத்தில், 2020-ல், ஒரு லட்சம் ஆக்கினார்கள். பிறகு அதையே நிரந்தரமாக்கினார்கள். காரணம் நல்ல காரணம்: கார்த் தவணையாலும் கிரெடிட் கார்டாலும் இளைஞர்கள் திவாலாகிக் கொண்டிருந்தார்கள். ஆனால் வங்கிக்கு எதிராகப் போட்ட அந்த வேலி, 60,000 ரிங்கிட் கூலி நிற்கும் வெல்டிங் பட்டறைக்காரர் முன்னாலும் நிற்கிறது. கம்பெனியைக் கலைக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பவும் 2021 முதல் 50,000 ரிங்கிட் தேவை. வங்கிக்கு ஆயிரம் வழி உண்டு. பட்டறைக்காரருக்கு இருந்த பெரிய கதவு திவால் மனு, அது சாத்தப்பட்டது.

சாத்தப்பட்ட கதவிலும் ஓர் இடுக்கு விட்டிருக்கிறார்கள். திவால் மனுவை ஒருவரே போட வேண்டும் என்றில்லை. பணம் வரவேண்டிய பலர் சேர்ந்து, கூட்டுத்தொகை ஒரு லட்சத்தைத் தொட்டால் போதும். செபராங் ஜெயா மாதிரி ஊரில் ஒரே ஆள் ஐந்து பேரை ஏமாற்றியிருப்பார், ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பார்கள். திவாலானவர் அனுமதியில்லாமல் வெளிநாடு போக முடியாது, கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. திவாலுக்குச் சற்று முன்பு மனைவி பெயருக்குச் சும்மா எழுதிவைத்த சொத்தையும் கேள்வி கேட்கலாம். ஆனால் ஐந்து பேரும் சேரும்போது கையில் தீர்ப்பு இருந்தால்தானே பலம். காகிதத்தால் பயனில்லை என்று நான்கு பேரை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். கடனாளி மனைவி பெயரில் ஒளித்ததை விட, இந்தக் கருத்துக்குப் பின்னால் ஒளித்தது அதிகம்.

5. காகிதத்துக்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறீர்கள்?

போலீஸ் ரிப்போர்ட் என்பார்கள். இது சிவில் கேஸ், வக்கீலைப் பாருங்கள் என்று நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். அடுத்தது, குரலைத் தாழ்த்தி: "ஆள் வச்சு வாங்கலாம்." ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மிரட்டல் தண்டனைச் சட்டப்படி குற்றம். நேற்றுவரை பணம் வரவேண்டியவராக இருந்த நீங்கள் இன்று குற்றம் சாட்டப்பட்டவர், கடனாளி புகார்தாரர். வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் பூசுபவர்களுக்கு நீங்கள் கொடுத்த வேலை ஒரு வீட்டோடு முடியும் என்றும் நம்பாதீர்கள். உங்கள் முகவரியும் இப்போது அவர்களிடம் இருக்கிறது. நின்றுபோன பணத்தால் வந்த ஓட்டையை அடைக்க அலோங்கிடம் போனவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் அலோங் தன் கடனைக் கோர்ட்டில் கேட்கவே முடியாது. அதனால்தான் அவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார்.

பாதிக்குப் பேசி முடித்துக்கொள்ளலாமே என்பது கௌரவமான யோசனை. நானும் சமரசத்தை எதிர்ப்பவன் அல்ல. ஆனால் சமரசத்துக்கும் விலை உண்டு. கையில் ஒன்றும் இல்லாமல் போய்ப் பேசினால் பாதி. தீர்ப்போடு போய்ப் பேசினால், கடன் அறிக்கை நிறுவனங்களின் பதிவில் வழக்கு ஏறி, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த இடத்தில் வங்கி அதிகாரி அதைப் பற்றிக் கேட்ட பிறகு பேசினால், பாதிக்கு மேல். தீர்ப்பைப் பழிப்பவர்கள் தங்கள் சமரசத்தின் விலையையும் சேர்த்தே குறைக்கிறார்கள். பேசி முடித்ததையும் கோர்ட்டில் இணக்கத் தீர்ப்பாகப் பதிந்துவிட்டால், இரண்டாம் தவணையில் ஆள் காணாமல் போனாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து வழக்காட வேண்டியதில்லை.

6. இன்றைக்கு இல்லை என்றால் என்றைக்கும் இல்லையா?

தீர்ப்புக்கு ஆயுள் 12 ஆண்டு. வட்டியும் ஓடுகிறது: 2012 ஆகஸ்ட் முதல் ஆண்டுக்கு 5 விழுக்காடு. 20,000 ரிங்கிட் தீர்ப்பு சும்மா கிடந்தாலே ஆண்டுக்கு ஆயிரம் கூடும், ஆறு ஆண்டு வட்டி வரை. இன்று ஒன்றும் இல்லாதவர் நான்கு ஆண்டில் வீடு வாங்குவார், அப்பா வழி நிலத்தில் பங்கு வரும், புதுக் கடை போடுவார். நிலம் வந்தால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாமல் தடை ஆணை வாங்கலாம். ஆறு மாதம் நிற்கும், நீட்டிக்கவும் கேட்கலாம்.

எதிர்த்தரப்பு வராமலே ஒருதலையாகக் கிடைத்த தீர்ப்பு என்றால் மட்டும் ஓர் எச்சரிக்கை. அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் ரத்து செய்யச் சொல்லி அவர் வரலாம். ஆகவே அதை முறையாகச் சேர்ப்பித்து, சேர்ப்பித்ததற்கான சத்தியப் பத்திரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல், ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் பின்னால் முதலிலிருந்து வழக்காடியிருக்கிறார்கள்.

தேதி ஒன்று மிக முக்கியம். தீர்ப்பு வந்து ஆறு ஆண்டு தாண்டிவிட்டால் ரிட் போடக் கோர்ட்டின் அனுமதி தேவை. ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாடு வந்த 2020-ல் தீர்ப்பு வாங்கி, கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கிறதே, யாரிடம் வாங்குவது என்று மடித்து வைத்தவர்களுக்கு அந்த ஆறு ஆண்டு 2026-ல் முடிகிறது. அன்றைய கடனாளிகளில் சிலர் இப்போது புதுக் கடை திறந்து, வாசலில் கியூஆர் ஒட்டி, வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்கள்.